ஒட்டாமல் போன துண்டு

பெங்களூர், மார்ச் 2000

அன்புள்ள அப்பாவுக்கு,

கம்ப்யூட்டரில் பல கிருமிகளின் மரபணு வரிசைகளை ஒப்பிட்டுப் பார்த்து, டிபி கிருமியின் மரபணுவோடு மட்டும் ஒட்டும் மரபணுத் துண்டு ஒன்றை வடிவமைத்தேன் என்று சொன்னேனே, உங்கள் சளியில் அது ஒட்டவில்லை. திரும்பத் திரும்பச் செய்து பார்த்துவிட்டேன்.

உங்களுக்கு டிபி இல்லை. அதனால் இனிமேல் தனித் தட்டு, தனி டம்ளர் எதுவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஊரிகம் ஸ்டேஷனில் பேத்தியை நீங்களே ரயிலிலிருந்து தூக்கி இறக்குங்கள். அவளைத் தொடாமல் தள்ளி நின்றது போதும்.

தங்கச் சுரங்க ஷாஃப்டுக்குள் பாறை துளைத்த வருஷங்களில் நெஞ்சில் படிந்த தூசியைப் பற்றி டாக்டர் நேரில் சொல்வார். நான் எழுதவில்லை.

"டிபியா இருந்தா நல்லது பாப்பா, அதுக்கு மாத்திர கீது, தூசிக்கு இல்ல" என்று போன முறை சிரித்தீர்களே. அந்தத் துண்டு ஒட்ட வேண்டும் என்றுதான் நானும் வேண்டிக்கொண்டேன், அப்பா.

உங்கள் பாப்பா