பாரிசுக்கு மூடிய பக்கம்

பெப்ரவரி 6, வியாழன்

எங்கள் நேரலைச் சேவையை ஐரோப்பாவில் பார்ப்பவர்களிடம் என்னென்ன அனுமதி கேட்க வேண்டும் என்று வக்கீல் நீளமாக ஒரு பட்டியல் அனுப்பியிருந்தார். ஆறு வார வேலை. மேலாளர் அதிதி, “இப்போதைக்கு யூரோப்பை மொத்தமா பிளாக் பண்ணிடு ஷாந்தன், அப்புறம் பாத்துக்கலாம்” என்றாள். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிட்டேன். ‘ஐரோப்பியச் சட்டங்களின் காரணமாக இந்தப் பக்கம் உங்கள் நாட்டில் கிடைக்காது’ என்ற வாசகமும் என்னுடையதுதான். பழியை அங்கே தள்ளிவிட்டால் நமக்குத் தொல்லையில்லை.

மார்ச் 11, செவ்வாய்

அப்பா போய்விட்டார். இங்கே, ஐரோப்பாவிலிருந்து கடல் தாண்டிய என் வீட்டில், காலைத் தேநீர் ஆறுவதற்குள்.

பாரிசிலிருந்து அக்காவால் வர முடியாது. அகதி வழக்கு முடியவில்லை, வெளியேறினால் திரும்ப விடமாட்டார்கள். “முகத்தை மட்டும் காட்டிப்போடு தம்பி” என்றாள். எங்கள் கம்பெனி நேரலையையே ஏற்பாடு செய்து லிங்கை அனுப்பினேன். கொஞ்சம் பெருமைகூட.

மார்ச் 14, வெள்ளி

வேட்டி கட்டியிருந்ததால் போனைக் காரில் விட்டிருந்தேன். வாய்க்கரிசி போட்டு, பெட்டியை மூடி, தகன அறையில் பொத்தானை அழுத்தி — எல்லாம் முடிந்து வந்து பார்த்தால் அக்காவின் பதினேழு அழைப்புகள். அவள் திரையைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள்.

அதில் என் வாசகம்.

ஐயோ, நான் என்ன செய்துவைத்திருக்கிறேன்.

மார்ச் 16, ஞாயிறு

அக்கா வழக்கம்போல் ஞாயிறு அழைத்தாள். “பேப்பரும் தரமாட்டாங்களாம், அப்பாவின்ர முகத்தையும் பாக்க விடமாட்டாங்களாம். என்ன சட்டமடா இது?”

நான் “ம்” என்றேன். பதிவை அனுப்பவா என்று கேட்டேன். “வேண்டாம். சாம்பலான பிறகு என்னத்தைப் பாக்கிறது.”

மார்ச் 19, புதன்

அக்காவைத் தடுக்கச் சொல்லும் சட்டம் உண்டா என்று தேடினேன், கிடைத்தது நேர்மாறான இன்னொரு ஐரோப்பியச் சட்டம். இணையத்தைத் திறந்து வை, எதையும் தடுக்காதே என்றுதான் அங்கே இணைப்புக் கொடுக்கும் கம்பெனிகளுக்குச் சொல்லியிருக்கிறது. இந்த முனையில் உட்கார்ந்து கதவைச் சாத்துகிறவனை அது ஒன்றும் கேட்பதில்லை. அவள் வீட்டு இணைப்பு அன்று திறந்தேதான் இருந்திருக்கிறது.

ஏப்ரல் 10, வியாழன்

அப்பாவின் முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிக் கிரியை. இன்றாவது சொல்லாவிட்டால் எப்போது? அக்காவை அழைத்தேன். சட்டமில்லை அக்கா, நான்தான் மூடினேன் என்றேன்.



“அந்த வசனமும் நீ எழுதினதோ?”

“ஓம்.”

“எழுதேக்க என்ர நினைவு வரேல்லையோ?”

“வரேல்லை அக்கா.”

படையலுக்குக் கத்தரிக்காய்ப் பால்கறி வைத்தோமா என்று கேட்டாள். வைத்தோம் என்றேன். “நல்லது” என்று போனை வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

அழைக்கவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஆறு வார வேலையை நாலு வாரத்தில் முடித்து, வெள்ளிக்கிழமை தடையை எடுத்தேன். அக்காவுக்கு ஒரு வரி எழுதினேன், பதில் இல்லை.

இன்று பார்வைக் கணக்கைப் பார்த்தேன். அப்பாவின் பதிவு பிரான்சிலிருந்து ஒரே ஒருமுறை பார்க்கப்பட்டிருக்கிறது. ஒரு மணி பதினோரு நிமிடம், முழுவதும்.

இன்றும் அழைக்கவில்லை.