பச்சையாக நின்ற வரிசை

தம்பி,

சோறு குக்கரில் இருக்கிறது. குழம்பைச் சூடுபண்ணிக்கொள். நெற்றிக் கட்டை நனைக்காதே. தையல் பிரிந்தால் மறுபடி உன்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓட என்னால் முடியாது.

"குடிக்கிற தண்ணிய உன் வரிசைக்குத் திருடி ஊத்திட்டு நடிக்கிறியா?" என்று கத்திக்கொண்டே என் வரிசை எலுமிச்சைச் செடிகளை நேற்று ஒன்று விடாமல் வெட்டிச் சாய்த்தாய். இரண்டு வரிசைக்கும் போனது அதே உப்புக் கிணற்றுத் தண்ணீர்தான். என் வரிசைக்கு மட்டும் வேரடியில் ஜிப்சம் போட்டேன். அதிலுள்ள கால்சியம் வேருக்குள் உப்பை அவ்வளவாக ஏறவிடாது. அதனால்தான் உன் செடிகள் இலை நுனி கருகி நின்றபோது என்னுடையவை பச்சையாக நின்றன. வாயைத் திறந்து கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீ கோடாலியைத் தூக்கினாய், நான் மண்வெட்டியை வீசினேன். அதில் உன் ரத்தம் அப்படியே இருக்கிறது, கழுவி வை.

புது நாற்று வாங்கப் போகிறேன். கொட்டகையில் ஒரு மூட்டை ஜிப்சம் மிச்சமிருக்கிறது. நான் வருவதற்குள் உன் செடிகளுக்குப் போட்டுவிடு. உயிரோடு இருப்பவை அவை மட்டும்தான்.

அக்கா

கோடாலியைத் தேடாதே. பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன். உனக்குப் பயந்து இல்லை. உன் வரிசையைப் பார்க்கும்போதெல்லாம் என் கை பரபரக்கிறது.