ஞாயிற்றுக்கிழமை நான் சொன்னதைக் கேட்காதே

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, இருமல் குறைந்து சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எங்கள் மூவருக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை. மனசுதான் நேற்றிலிருந்து ஒரு நிலையில் இல்லை. போனில் பேசாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் வாயெடுப்பதற்குள் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாய். எழுத்தென்றால் நீ இரண்டு தரம் படிக்கலாம். எழுதி முடித்ததும் அக்கா பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள். இதை முழுக்கப் படிக்காமல் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடாதே. ஏற்கெனவே அனுப்பிவிட்டாயோ என்றுதான் எனக்குப் பயம்.

அப்பாவின் தையல்கடையில் பள்ளிச் சீருடை வேலை குவிந்து கிடக்கிறது. ஊசியில் நூல் கோக்க அவருக்குக் கண் தெரியவில்லை. ஆனால் கண்ணில் கோளாறு என்று ஒத்துக்கொள்ள மாட்டார், இப்போது வருகிற ஊசிக்கெல்லாம் காதே இல்லையாம். அக்காவுக்கு ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் இந்த மாதம் காலை ஷிப்ட். ஊரார் கையிலெல்லாம் ஊசி குத்துகிறவள், தனக்கு ஒரு தடுப்பூசி போட வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். இதெல்லாம் உன்னைச் சிரிக்க வைக்கத்தான் எழுதுகிறேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதைத் திரும்ப எழுதுகிறேன், நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று பார். படிப்பு இன்னும் ஒரு செமஸ்டர் நீள்கிறது, அதனால் அங்கே தங்கும் அனுமதியை நீட்டிக்க விண்ணப்பம் போட வேண்டும், வெள்ளிக்கிழமை கடைசி நாள். அதில் அனுமதி பெறாமல் ஏதாவது வேலை செய்தீர்களா என்று ஒரு கேள்வி. வீட்டுக்கார அம்மாவின் இரண்டு பிள்ளைகளுக்கும் நீ சாயங்காலம் கணக்கு சொல்லிக்கொடுக்கிறாய், அதற்காக அவர் உன்னிடம் அறை வாடகை வாங்குவதில்லை, இது அந்தக் கேள்வியில் வருமா என்று கேட்டாய். நான் அடுப்பை அணைத்துக்கொண்டே, அதெல்லாம் ஒரு வேலையாடா, இல்லைன்னு எழுதிட்டுப் போ என்றேன். அப்பா பின்னாலிருந்து, கணக்கு சொல்லிக் கொடுத்தா வேலையா, அப்ப உங்கம்மா ஆயுசு பூரா ரெண்டு வேலை பாத்திருக்கா என்றார். நாம் மூன்று பேரும் சிரித்தோம். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடு என்று முதலில் உன்னைத் தூண்டியதும் நான்தான். புதிய ஊரில் சாயங்காலமெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயே என்ற கவலை எனக்கு. முப்பத்திரண்டு வருஷம் பள்ளியில் கற்பித்துவிட்டு, வீட்டுக்கு வந்து கூடத்தில் தெருப் பிள்ளைகளை உட்கார வைத்துக் கற்பித்தவள் நான். அது வேலை என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. வேறு எந்த வீட்டில் கேட்டிருந்தாலும் ஒரு நிமிஷம் யோசித்திருப்பார்கள். வாத்தியார் வீட்டில் கேட்டாய், யோசிக்காமல் பதில் வந்துவிட்டது.

நேற்று, திங்கட்கிழமை, ஓய்வூதியத்துக்காக நான் உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு சான்று வாங்கப் போனேன். முத்திரை போடுகிற வக்கீலின் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருக்கிறவன் என்னிடம் படித்தவன். தூங்குமூஞ்சி என்று நான் பெயர் வைத்தேனே, அவன்தான். அவனும் உன்னைப்போல் வெளிநாட்டுக்குப் படிக்கப் போய்ப் பாதியில் திரும்பி வந்தவன். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். என் பையன் அங்கேயும் வாத்தியார் வேலை பாக்கிறான்டா, வாடகையே கிடையாது என்று அவனிடம் பெருமையாகச் சொன்னேன். அவன் கையிலிருந்த முத்திரையைக் கீழே வைத்துவிட்டான். டீச்சர், கைநீட்டி வாங்கினாத்தான் வேலைன்னு இல்ல, வாடகைக்குப் பதிலா செஞ்சாலும் வேலையாத்தான் எடுத்துப்பாங்க, அவன் இல்லைன்னு எழுதிட்டானா என்று கேட்டான்.

பிறகு தன் கதையைச் சொன்னான். அங்கே அறை மாறினால் இத்தனை நாளுக்குள் புது முகவரியைத் தெரிவிக்க வேண்டுமாம். இவன் பரீட்சை நேரத்தில் மறந்துவிட்டான். பிறகு ஒரு படிவத்தில் எந்தத் தேதியிலிருந்து இங்கே இருக்கிறாய் என்று கேட்டபோது, கூட இருந்தவன் சொன்னானென்று போன வாரத்துத் தேதியைப் போட்டுவிட்டான். பழைய முகவரிக்குப் போன கல்லூரிக் கடிதம் அங்கே ஆள் இல்லை என்று எப்போதோ திரும்பியிருந்தது, அதை வைத்துத் தேதி பொய் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். ரூம் மாறினதுக்கு யாரும் என்னைத் திருப்பி அனுப்பல டீச்சர், தேதிய மாத்தி எழுதினதுக்குத்தான் அனுப்பினாங்க, குளிர்னு உங்ககிட்டயே பொய் சொன்னேன், மன்னிச்சுக்குங்க என்றான். நாற்பது வயது ஆள், என் முன்னால் எழுந்து நின்றுகொண்டு சொன்னான். நான் சான்றை அங்கேயே விட்டுவிட்டு நம் தெருவையும் தாண்டி நடந்துபோய்விட்டேன்.

உனக்கு நினைவிருக்காது, அப்போது நீ சின்னவன். என் வகுப்பில் இரண்டு பெண்கள் மதிப்பெண் அட்டையில் அப்பாவிடம் கையெழுத்து வாங்காமல் வந்தார்கள். ஒருத்தி தானே போட்டுக்கொண்டு வந்தாள். இன்னொருத்தி, காட்டப் பயமா இருந்துச்சு டீச்சர் என்று வெறும் அட்டையை நீட்டினாள். இருவருக்கும் குறைந்த மதிப்பெண்தான், இரண்டும் தப்புத்தான். ஆனால் வெறும் அட்டைக்கு என்னால் ஒரு வழி செய்ய முடிந்தது. மற்றவள் விஷயம் என் கையை மீறித் தலைமையாசிரியர் மேசைக்குப் போய்விட்டது. உன் அட்டை இன்னும் வெறும் அட்டையாகவே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

நான் சொல்வது இதுதான். நாளைக் காலை கல்லூரியில் வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கிற அலுவலகம் திறந்ததும் போ. முதல் நாள் உன்னை உட்கார வைத்து விதிகளெல்லாம் சொன்னார் என்றாயே, அந்த அம்மாவையே பார். பாஸ்போர்ட், விசாத் தாள், சேர்க்கைக் கடிதம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய், எந்த மாதம் தொடங்கினாய், வாரத்தில் எத்தனை நாள், பதிலுக்கு என்ன கிடைத்தது என்று ஒன்று விடாமல் சொல். அதன் பிறகுதான் பேனாவைத் தொடு. கூட்டாளிகள் ஆளுக்கொன்று சொல்வார்கள், கேட்காதே. இன்றைக்கே பாடத்தை நிறுத்திவிட்டு, வீட்டுக்கார அம்மாவிடம் காரணத்தைச் சொல்லி இனி எல்லோரையும்போல வாடகை கொடுத்து இரு. அந்தச் சின்னவளுக்குப் பின்னம் இப்போதுதான் பிடிபடுகிறது என்றாய், பாதியில் விடுவது எனக்கே பொறுக்கவில்லை. இருந்தாலும் விடு. அவளுக்கு வேறு யாராவது சொல்லிக்கொடுப்பார்கள்.

சொன்னால் என்ன ஆகும் என்று கேட்பாய். எனக்குத் தெரியாது. தூங்குமூஞ்சிக்கும் தெரியவில்லை. எச்சரித்து விடலாம், நீட்டிப்பு கிடைக்காமலும் போகலாம், இத்தனை வருஷப் படிப்பு முடிவதற்குள் பெட்டியைக் கட்டச் சொன்னாலும் சொல்லலாம். முன்பெல்லாம் உனக்கு எதைச் சொன்னாலும் விடை தெரிந்துகொண்டுதான் சொல்வேன். இந்தக் கணக்குக்கு விடை என்னிடம் இல்லை. நேற்றுச் சாயங்காலம் அப்பாவிடம் சொன்னபோது தையல் மெஷினை நிறுத்திவிட்டு, அனுப்பிட்டாங்கன்னா என்று மட்டும் கேட்டார். அனுப்பினா வரட்டும், நம்ம பிள்ளைதானே என்றேன். பிறகு பார்த்தால் ஒரு சட்டைக்குக் கையை உள்புறம் வெளியாக வைத்துத் தைத்திருந்தார்.

உன்னோடு எடுத்துப் போகட்டும் என்று அந்த அலுவலகத்துக்கு நானே ஒரு கடிதம் எழுதினேன், பிள்ளைமேல் தப்பில்லை, சொல்லிக்கொடுத்தவள் நான் என்று. எழுதிவிட்டுக் கிழித்துப் போட்டேன். இப்படி எத்தனை பெற்றோர் என்னிடம் கடிதம் கொண்டுவந்து தந்திருக்கிறார்கள். ஒரு கடிதத்தையும் நான் முழுதாகப் படித்ததில்லை, பக்கத்தில் நிற்கிற பிள்ளையின் முகத்தைத்தான் பார்த்திருக்கிறேன். நீ தலை குனியாமல் நில். பொய் சொல்லத் தெரியாத முகம் உனக்கு, அது எனக்குத் தெரியும்.

நீ எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும், உன் கை தொட்டதெல்லாம் நேராக வர வேண்டும் என்று அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம். பாஸ்போர்ட்டைச் சட்டையின் உள்பையில் வைத்துக்கொள். வெளியே வந்ததும் முதல் போன் எனக்கு. நல்லதோ கெட்டதோ, உடனே பேசு. பேச வரவில்லை என்றால் பேசவேண்டாம், போனை மட்டும் வைத்துவிடாதே. நான் இந்தப் பக்கம் இருப்பேன்.

உனக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் பயந்துகொண்டிருக்கும்,
அம்மா