கையை நீட்டு

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகச் சுவர் முன்னால் நின்று விரல்களை மேலே ஏற்றினேன். நீ இங்கே இருந்தபோது பென்சிலால் கோடு போட்டாயே, அதைத் தாண்டிவிட்டேன். அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்த இடம் இழுத்தது. இருந்தாலும் தாண்டினேன். அந்தத் தெம்போடுதான் லீவு முடிந்து இன்று லேபுக்குப் போனேன்.

போனால், ரத்தம் எடுக்கும் அறையில் என் நாற்காலியில் புதிதாக ஒரு பெண். மேடம் என்னை ஜன்னலோர மேசைக்குக் கூட்டிப்போய், "கொஞ்ச நாளைக்கு இந்தக் குழாய்க்கெல்லாம் லேபிள் ஒட்டுங்கம்மா. ஆபரேஷன் ஆன கை, பாத்துக்கணும்ல?" என்றார்கள். பாரம் தூக்காமல் வழக்கமான வேலையைச் செய்யலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததைக் காட்டினேன். "அதெல்லாம் இருக்கட்டும்." தலையைத் தடவிக் கொடுக்காத குறைதான்.

தண்ணீர் குடிக்க எழுந்தால் புதுப்பெண் ஓடிவருகிறாள். "அக்கா, குடுங்க, நான் பிடிக்கிறேன்." "டம்ளர்மா இது, பாறாங்கல்லு இல்ல" என்றேன். அவள் சிரிக்கக்கூட இல்லை.

வீட்டிலும் நீ பண்ணிவிட்டுப் போனது இதே கதைதான். டப்பாவெல்லாம் கீழ்த்தட்டில். யாராவது வந்து பார்த்தால், இந்த வீட்டில் எழுந்து நிற்கிற ஆளே இல்லை என்று நினைப்பார்கள்.

போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன். அதனால்தான் எழுதுகிறேன். கையெழுத்து நேராக வருகிறது, பார்த்தாயா?

உன் தங்கை

மார்ச் 8

செல்லத் தங்கைக்கு,

கையெழுத்தைப் பார்த்தேன். பக்கம் பக்கமாக எழுதிக் கையை வீங்க வைத்துக்கொள்ளாதே. லேபிள் ஒட்டுவதும் வேலைதானே? உட்கார்ந்த இடத்தில் சம்பளம். உன் அத்தானுக்கு அப்படி ஒரு வேலை கிடைத்தால் வீட்டுக்கே வரமாட்டார். உன் மேடம் தங்கமான மனுஷி, போனில் பேசியபோதே தெரிந்தது.

சர்க்கரைப் பரிசோதனைக்கு இருபதாம் தேதி வருகிறேன். என் நரம்பு உனக்கு மட்டும்தான் அகப்படும், தெரியும். ஆனாலும் இந்த முறை அந்தப் பெண்ணே எடுக்கட்டும். இரண்டு தடவை குத்தினாலும் கண்ணை மூடிக்கொண்டு பொறுத்துக்கொள்கிறேன். அந்தக் கையில் ஊசியே கூடாது என்று டாக்டர்தான் சொல்லிவிட்டாரே.

மேல்தட்டுக்கு எக்காதே.

அன்புடன்,
அக்கா

மார்ச் 12

அக்கா,

மேடத்தோடு நீ எப்போது பேசினாய்? அவர்களிடமே கேட்டேன். "உங்க அக்கா அப்படி அழுதாங்கம்மா. ஊசிய அவ கையில குடுத்துடாதீங்கன்னு கெஞ்சினாங்க. நான் என்ன பண்றது?" என்றார்கள்.

டாக்டர் சொன்னது, என் கையில் யாரும் குத்தக் கூடாது என்று. நான் யாருக்கும் குத்தக் கூடாது என்றல்ல. கட்டிலோரம் நின்று நீயும்தானே கேட்டாய்?

என் விலாவில் தொங்கிய குழாய்ப் பையை நீ முகம் சுளிக்காமல் காலி செய்தாய். கைக்கு அடியில் தலையணை வைத்துவிட்டு நீ தூங்காமல் இருந்தாய். எதையும் மறக்கவில்லை. அதற்காக என் வேலையை எடுத்து இன்னொருத்திக்குக் கொடுத்துவிடுவாயா? புற்று மேலே பரவவில்லை என்று ரிப்போர்ட் வந்த அன்றுகூட நான் அழவில்லை. நேற்று லேபிள் மேசையில் அழுதேன்.

தங்கை

மார்ச் 16

தங்கைக்கு,

ஆமாம், பேசினேன். உன்னைக் கேட்காமல் பேசியது தப்புதான். ஆனால் மயக்கம் தெளியாமல் நீ கிடந்ததை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

மேடத்திடம் மறுபடி பேசி, சொன்னதை வாபஸ் வாங்கிவிட்டேன். இனி உன் பாடு, அவர்கள் பாடு. நான் வரட்டுமா, வேண்டாமா? நீ பதில் போடாவிட்டாலும் வருவேன்.

அக்கா

மார்ச் 19

அக்கா,

இந்நேரம் நீ ரயில் ஏறியிருப்பாய். இது உன் கைக்கு வரப்போவதில்லை.

இன்று மேடம் ஒருவரை என்னிடம் அனுப்பினார்கள். கயிறு மாதிரி நரம்பு, யார் குத்தினாலும் கிடைக்கும். நான் கையை நீட்டியதும் அக்குளிலிருந்து மணிக்கட்டு வரை சுண்டி இழுத்தது. ஊசி வெளியே வந்துவிட்டது. "பரவால்லம்மா, மெதுவா" என்றார் அந்த மனிதர். புதுப்பெண்தான் எடுத்து முடித்தாள். நீ சொன்னதுதான் சரியோ என்று ஒரு கணம் தோன்றியது பார், அதுதான் எனக்குப் பெரிய எரிச்சல்.

எல்லோரும் போனபின் அந்த அறையில் உட்கார்ந்து பார்த்தேன். வருகிறவரின் நாற்காலியைத் திருப்பி, அவர் கை என் மடிக்குப் பக்கத்தில் வரும்படி போட்டால், முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்தே எடுக்கலாம். நான் நீட்ட வேண்டியதே இல்லை. பயிற்சிக்கு வைத்திருக்கும் ரப்பர் கையில் குத்திக் குத்திப் பார்த்தேன். இழுக்கவில்லை.

நாளைக் காலை புதுப்பெண் வருமுன் போய் அந்த நாற்காலியைத் திருப்பிப் போடப்போகிறேன். மேடத்துக்குத் தெரியாது. லேபுக்கு வரும் வழியில் உனக்கும் சொல்லமாட்டேன். உன்னை உட்காரவைத்து, "கைய நீட்டுக்கா" என்று மட்டும் கேட்பேன். கண்ணை மூடிக்கொள்ளாதே. வேண்டாம் என்றால், என் முகத்தைப் பார்த்து என்னிடம் சொல்.

தங்கை