கவுனில் தைத்த பெயர்

என் அன்பு அக்கா காமாட்சிக்கு,

உன் பெயரைச் சொல்லி உன்னைக் கூப்பிட்டு எண்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அத்தனை வருடமும் அந்தப் பெயரை நான்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாமல் கேள்.

இப்போது பிடோக் பேட்டையில் அடுக்குமாடி வீட்டில், பன்னிரண்டாவது மாடியில் என் மகள் விமலாவோடு இருக்கிறேன். போன வாரம் டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். வெளியே வந்தவள் என் முகத்தைப் பார்க்காமல், "ஒண்ணுமில்லைம்மா, மாத்திரை மாத்தியிருக்காங்க, அவ்வளவுதான்லா" என்றாள். எனக்கா தெரியாது? மறுநாள் பார்த்தால் என் அடையாள அட்டையையும் நல்ல போட்டோ ஒன்றையும் எடுத்து ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறாள். நான் செத்தால் பேப்பரில் போட. காமாட்சி என்று போடுவாள், வயதிலும் இரண்டு கூட்டிப் போடுவாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

இதைப் பேப்பருக்குத்தான் அனுப்பப்போகிறேன். படிக்கிறவர்களுக்கும் புரிய வேண்டுமே, அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஜப்பான்காரன் வந்த மறு வருடம். அப்பாவைச் சயாமில் ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டு போய்விட்டான். அம்மா சிப்பாய்களின் துணி துவைக்கப் போனாள். தேக்காவில் அந்த ஒற்றை அறையில் நீ, நான், நடை பழகாத தம்பி. ஜப்பான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு ஒரு ரொட்டி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அம்மா உன்னைச் சேர்த்துவிட்டாள். உனக்குப் பதினொன்று, எனக்கு ஒன்பது. நான் வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்பாவின் வேட்டியைக் கிழித்து அம்மா உனக்கு வெள்ளைக் கவுன் தைத்தாள். நெஞ்சில் ஒரு துணித் துண்டு, அதில் ஜப்பான் எழுத்தில் காமாட்சி.

நானும் போக வேண்டும், எனக்கும் ரொட்டி வேண்டும் என்று மூன்று நாள் அழுதேன். நான்காம் நாள் நீ கவுனைக் கழற்றி என் தலை வழியாக மாட்டிவிட்டாய். "நாளைக்கு நீ போ. காமாட்சின்னு கூப்டா எந்திரிச்சி நில்லு. நாஞ் சொல்லித் தர்றதை மட்டும் சொல்லு."

அப்படித்தான் ஒரே பெயரில் இரண்டு பேர் படித்தோம். ஒரு நாள் நீ, ஒரு நாள் நான். பசியில் இரண்டு பேரும் ஒரே அளவாக வற்றிப்போயிருந்தோம். அந்த ஜப்பான் வாத்தியாருக்கு நம் முகமெல்லாம் ஒன்றுதான். வகுப்பில் இருந்த தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். அவரவர் வீட்டிலும் மறைக்க ஆயிரம் இருந்ததால் யாரும் வாயைத் திறக்கவில்லை.

போனவள் வந்ததும் வீட்டிலிருந்தவளுக்குப் பாடம் சொல்ல வேண்டும். நீ அடுப்புக்கரியால் தரையில் எழுத்துப் போட்டுக் காட்டுவாய். காலையில் அவர்கள் ராஜா இருக்கும் திசை பார்த்துக் குனிவது, இச்சி, நி, சான் என்று எண்ணிக் கைகால் ஆட்டுவது, அர்த்தம் தெரியாத பாட்டு, எல்லாம் சொல்லித் தருவாய். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே குனிந்து காட்டுவாய், அவன் சிரிப்பான். பாடத்தோடு பாதி ரொட்டியும் வர வேண்டும். மரவள்ளிக்கிழங்கு மாவில் சுட்ட ரொட்டி, கடித்தால் பல் வலிக்கும். அதைத் தண்ணீரில் ஊறவைத்துத் தம்பிக்குக் கொடுத்தது போக மிச்சம் வீட்டிலிருந்தவளுக்கு.

நீ கொண்டுவந்தது எப்போதும் பாதிக்கு மேலேயே இருக்கும். நான் கொண்டுவந்தது தேய்ந்துகொண்டே போயிற்று. "இன்னிக்கு சின்னதாத்தான் குடுத்தாங்க" என்பேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் அதே ரொட்டியை வாங்குகிறவளிடம் இந்தப் பொய். அந்த அறிவுகூட எனக்கு அப்போது இல்லை. நீ ஒன்றும் கேட்கவில்லை. உன் கால் வீங்க ஆரம்பித்த சமயத்தில் ஒரே ஒரு தடவை கேட்டாய். "பொன்னு, தம்பிக்காவது கொஞ்சம் மிச்சம் வையேன்டி."

அவ்வளவுதான் கேட்டாய். எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்ல? பிடிபட்டவளுக்குத்தானே கோபம் அதிகம் வரும்? அன்றைக்குத்தான் வாத்தியார், நாளை காமாட்சி தனியாக நின்று புதுப் பாட்டைப் பாட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். "இன்னிக்கு என்ன பாடம்?" என்று கேட்டாய். "ஒண்ணுமில்ல, தோட்ட வேலைதான், கெழங்கு நட்டோம்" என்றேன்.

நீ போனாய். பாட்டு தெரியாமல் நின்றாய். வாத்தியார் உன்னைத் திடலில் வெயிலில் நிறுத்தினார். மதிய மணி அடிக்கும்வரை நின்றாய் என்று பிறகு ஒரு பிள்ளை வந்து சொன்னது. நீ சொல்லவில்லை. வீங்கின காலோடு வீட்டுக்கு வந்து ரொட்டியை எடுத்து என் கையில் கொடுத்தாய். கடிக்காத முழு ரொட்டி. "அந்தப் பாட்டை எனக்குச் சொல்லிக் குடு" என்று மட்டும் கேட்டாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஏன் அக்கா, ஓர் அறை விட்டிருக்கக் கூடாதா?

அன்று சாயங்காலமே காய்ச்சல். ஐந்தாம் நாள் காலையில் நீ இல்லை. கால் வீக்கம் நெஞ்சுக்கு ஏறிவிட்டது, பெரிபெரி என்று பக்கத்து அறைக்காரர் சொன்னார். பசி கொன்றதா, வெயில் கொன்றதா, நான் கொன்றேனா? ஜப்பான்காரனைத் திட்டுவது சுலபம். வாழ்நாளெல்லாம் திட்டியாயிற்று, மனம் ஆறவில்லை.

இனி உனக்குத் தெரியாதது. சாவைப் பதிய அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். குமாஸ்தா நம்ம ஆள். "செத்த புள்ள பேரு என்னம்மா?" என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்து, "பொன்னம்மா. சின்னவ. ஒம்பது வயசு" என்றாள். அவர் என் சாவை எழுதினார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது சொன்னாள். "பள்ளிக்கூடத்துல இருக்கிறது காமாட்சி பேரு. பேரு போனா ரொட்டி போச்சு. ஒரே பேருல ரெண்டு புள்ளைய அனுப்பினது தெரிஞ்சா என்னைப் புடிச்சிட்டுப் போயிருவான். இனிமே நீதான் காமாட்சி. அழுவாத." உன்னைப் பழைய பாவாடையோடு புதைத்தோம். கவுன் எனக்கு வேண்டுமே. சில நாள் கழித்து அதைப் போட்டுக்கொண்டு போனேன். பெயரைக் கூப்பிட்டார்கள், எழுந்து நின்றேன். அந்தப் பாட்டையும் பாடினேன்.

வெள்ளைக்காரன் திரும்பி வந்த பிறகாவது மாற்றியிருக்கலாம். "யாரு போயி ஆபீசு ஆபீசா நிக்கிறது?" என்றாள் அம்மா. அவளை நான் மன்னிக்கவில்லை. அந்த ரொட்டியில்தான் தம்பி பிழைத்தான் என்று தெரிந்தும் மன்னிக்கவில்லை. அவன் சாகும்வரை என்னைப் பெரியக்கா என்றுதான் கூப்பிட்டான். சின்னக்கா ஜப்பான்காரன் காலத்தில் செத்துப்போச்சு என்று தன் பிள்ளைகளிடம் என் முன்னாலேயே சொல்வான். நான் தலையாட்டுவேன்.

நீ கிடந்த சிராங்கூன் ரோட்டு இடுகாட்டையும் வீடு கட்டத் தோண்டினார்கள். உரியவர்கள் வந்து பதியுங்கள் என்று பேப்பரில் வந்தது. போனேன். கவுன்டரில் இருந்த தமிழ்ப் பையன் மரியாதையாகத்தான் கேட்டான். "ஆன்ட்டி, யாரைத் தேடுறீங்க? பேர் சொல்லுங்க." பொன்னம்மா என்று சொல்ல வேண்டும். என் பெயரைச் சொல்லித்தான் உன் எலும்பைக் கேட்க வேண்டும். "தப்பா வந்துட்டேன்பா" என்று சொல்லித் திரும்பிவிட்டேன். யாரும் தேடி வராதவர்களை எரித்துச் சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டார்களாம். இரண்டாவது தடவையும் உன்னை வெயிலில் நிறுத்திவிட்டு வந்தவள் நான்தான்.

விமலா தமிழ்ப் பேப்பரில் ராசிபலன் தவிர எதையும் படிக்கமாட்டாள். இது அச்சில் வந்ததும் அவள் காப்பி குடிக்கும் மேசையில் விரித்து வைக்கப்போகிறேன். நேரே சொல்லத் தைரியமில்லை, என்ன செய்ய. படித்துவிட்டு, "யாரும்மா இந்தப் பொன்னம்மா?" என்று கேட்பாள். நான்தான் என்று சொல்வேன். அந்தக் கவரில் இருக்கும் போட்டோவின் பின்னால் நானே எழுதி வைத்துவிட்டேன், எந்தப் பெயரைப் போட வேண்டும் என்று. அதற்குக் கீழே உன் பெயரும் வரும், சின்ன வயதில் இறந்த அக்கா என்று.

என் பெயரில் உன்னைப் புதைத்தார்கள். உன் பெயரில் என்னை எரிக்க விடமாட்டேன், அக்கா. இது சத்தியம்.

பாதி ரொட்டி கொண்டுவராத உன் தங்கை,
பொன்னம்மா