பன்னிரண்டு ஓம் சரியாகத்தான் இருந்தது

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீ நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன், நாங்களும் அப்படியே என்று அடுத்த வரி எழுதக் கை வரவில்லை, பதறாதே, முழுதும் படி.

நம் முன்னறையில் அப்பா செப்புக்கம்பி சுற்றிக் கொடுத்த லிப்ட் பிரேக் காயில்களில் இரண்டை லிப்ட் மெக்கானிக் திருப்பிக் கொண்டுவந்தார் என்று போனில் சொன்னேன் அல்லவா. இரண்டும் சூடேறிக் கருகியிருந்தன. ஒரு கட்டடத்தில் லிப்ட் நடுவழியில் நின்று, நிறைமாதப் பெண் ஒருத்தி ஒரு மணி நேரம் உள்ளேயே இருந்திருக்கிறாள். அப்பா அதே தடவை சுற்றியதில் மிச்சமிருந்த காயிலை எடுத்துப் பழைய மீட்டரில் மின்தடையை அளந்து, "பன்னெண்டு ஓம் சரியா காட்டுது, என் மேல என்ன தப்பு" என்று எழுந்து போய்விட்டார். அப்போதுதான் நீ அந்தக் கையடக்க மீட்டரை அனுப்பினாய்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதல் சந்தேகம் அந்த மீட்டர் மேல்தான். பன்னிரண்டு வர வேண்டிய அதே காயிலுக்குப் பன்னிரண்டே கால் காட்டியது. கிளிப் இரண்டையும் ஒன்றோடொன்று கவ்வவிட்டுப் பார்த்தால், அந்தக் கால் ஓம் மீட்டரின் ஒயருக்கே உரியது. நீ சொன்னபடி அதைப் பூஜ்யமாக்கிய பிறகு பன்னிரண்டு வந்தது. ஆனால் இண்டக்டன்ஸ் என்று அது காட்டும் இன்னொரு அளவு, சுருளின் மின்தூண்டல், எண்பது மில்லிஹென்றி இருக்க வேண்டிய இடத்தில் ஐம்பத்திரண்டு. இரும்பு மேசையைச் சந்தேகப்பட்டு மர ஸ்டூலுக்கு மாற்றினேன், என் வளையல் குறுக்கே வருகிறதோ என்று கழற்றி வைத்தேன், பழைய நல்ல காயில் ஒன்றை அதே அதிர்வெண்ணில் அளந்தேன், அது எண்பது என்றது. ஆயிரக்கணக்கான சுற்றில் பக்கத்துப் பக்கத்துச் சுற்று இரண்டு மேல்பூச்சு உரிந்து ஒட்டிக்கொண்டால் ஓம் அசையாது, ஹென்றிதான் விழும் என்று நீ சொன்னாயே, அதுவேதான்.

அடுத்து கம்பிக்கடைக்காரர். மட்டமான கம்பியைத் தலையில் கட்டிவிட்டார் என்று அவரைத் திட்டித் தீர்த்தேன், மனதுக்குள்தான். பிறகு அதே உருளையிலிருந்து நானே ஒரு காயில் சுற்றினேன். எண்பது. அதற்குப் பிறகு சந்தேகப்பட வீட்டில் ஒரே ஆள்தான் மிச்சம், அந்தப் பக்கம் மனம் போகவே மறுத்தது.

மறுநாள் அடுக்களைக் கதவோரம் நின்று பார்த்தேன். அப்பா கம்பியைப் பார்க்கவே இல்லை. கட்டைவிரல் நகத்தால் தடவித் தடவி ஓட்டுகிறார். கம்பி, அதைச் சுற்றும் பாபின் கட்டையின் விளிம்பில் ஏறி உரசுகிறது, அவருக்குத் தெரியவில்லை. கிட்டே போய் எத்தனை நாளாக என்று கேட்டேன். மெஷினை நிறுத்தினார். பிறகு, "நாலு மாசம் இருக்கும். வலது கண்ணு மங்கிடுச்சு, சொன்னா இந்த ஸ்டூல்ல உக்கார விடமாட்டே" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது.

மெக்கானிக்கிடம் அவரே போய்ச் சொன்னார். நான் சொல்கிறேன் என்றதற்கு, "என் கை செஞ்சது, என் வாய் சொல்லட்டும்" என்றுவிட்டார். அந்த நாலு மாதத்தில் வெளியே போயிருந்த காயில் பதினொன்றையும் கழற்றி அளந்ததில் நான்கு பழுது, மாற்றிவிட்டோம். கண் டாக்டர் புரை என்கிறார், வியாழக்கிழமை ஆபரேஷன். இப்போது நான் சுற்றுகிறேன், அவர் மீட்டரை இடது கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு என் காயில் ஒவ்வொன்றையும் மூன்று தடவை சந்தேகப்படுகிறார்.

ஒன்று கேட்கிறேன், மறைக்காதே. ஒவ்வொரு ஞாயிறும் போனில் "நல்லா இருக்கேம்மா" என்கிறாய். நாலு மாதமாக உன் அப்பாவும் இதே குரலில்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நீ மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை பேசி எட்டு வாரம் ஆகிறது, நான் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

என்னவாக இருந்தாலும் எழுது. நீ நூறாண்டு நிம்மதியாக வாழ வேண்டும். வியாழன் காலை அப்பாவோடு பேசு, நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்
அம்மா