சுவர் கட்டிய சேலை

11-11-1983, வெள்ளி

போன வாரம் துபாயிலிருந்து லீவில் வந்த அவர், கொண்டுவந்த காகிதச் சுருளை இன்று முன்னறைச் சுவரில் ஒட்டினார். வெளிர்நீலத்தில் சின்னச் சின்னக் கொடிகள்.

"வால்பேப்பர்னா போஸ்டரா அத்தா?" என்று மகள் ஷமீம் கேட்டாள். கார்த்திகை தீபத்துக்காகத் தெருவெல்லாம் ஒட்டியிருப்பதைத்தான் அவள் பார்த்திருக்கிறாள்.

"அது படிக்கறதுக்கு. இது சுவரு கட்டிக்கிற சேலை," என்றார்.

மைதாவைக் காய்ச்சிப் பசை செய்தார். சுவரில் நூல் பிடித்துக் கோடு போட்டார். தாளை வைத்து ஒரே இழுப்பாக பிரஷ்ஷை ஓட்டினார். ஒரு குமிழி இல்லை. இரண்டு தாள் சேருமிடத்தில் கொடியோடு கொடி பொருந்தியது. ஆபீஸ் வேலை என்றுதான் இத்தனை வருடமும் எழுதினார். ஆபீஸில் இருந்தவருக்கு இந்தக் கை எப்படி வந்தது?

ஷமீம் வெளியே போனதும் கேட்டேன். "அங்க இதுதான் உங்க வேலையா?"

பிரஷ் நின்றது.

"உங்க அண்ணன்கிட்ட சொல்லிடாத. ஊரெல்லாம் மேனேஜர்னு சொல்லி வச்சிருக்காரு," என்றார். பிரஷ்ஷைப் பசையில் தோய்த்தபடி, "எத்தனையோ வீட்டுக்கு ஒட்டிட்டேன். ஒட்டின ரூம்ல ஒரு நாள் படுத்ததில்ல," என்றார்.

எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அடுத்த தாளின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

இன்று அவருக்குப் பாயை அந்தச் சுவரோரமாக நான்தான் விரித்தேன். திரும்பப் போகத்தான் வேண்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் தூங்கிவிட்டார். உள்ளங்கை சுவரில் பட்டபடி இருக்கிறது.